மஞ்சள் மருந்தின் சரித்திரம்

இருதயத்தில் இன்ன கோளாறு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவரும், கோளாறு ஒன்றும் இல்லாமலே நாளெல்லாம் அசதியாக இருக்கிறது, கொஞ்சம் தெம்பு வந்தால் தேவலை என்று வருகிறவரும் இன்றைக்கு நம் நகரத்து மருந்துக் கடைகளில் ஒரே பெட்டியைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெட்டியின்மேல் ‘கோஎன்சைம் க்யூ10’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அட்டையில் பதித்த மெத்தென்ற மாத்திரைகள் பத்தோ பதினைந்தோ இருக்கும். அவற்றில் ஒன்றைப் பிளேடால் கீறிப் பார்த்தால், எண்ணெயில் குழைத்த செம்மஞ்சள் நிறக் குழம்பு மெள்ள வழிந்து விரலில் ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீரில் அலம்பினால் அந்தக் கறை போவதில்லை. நாவில் வைத்தால் எண்ணெயின் ருசியைத் தவிர வேறு ருசி தெரிவதில்லை. அந்த நிறந்தான் இந்த வஸ்துவை முதன்முதலில் மனிதர் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்தது. அது எங்கே கண்டெடுக்கப்பட்டது, எந்தத் தேசத்தில் மருந்தாயிற்று, பிறகு எவ்வாறு மருந்துச் சட்டத்தின் எல்லையைவிட்டு நழுவி உணவோடு சேர்ந்தது என்பவற்றைத் தெரிந்துகொண்டால்தான், அதை நாள்தோறும் விழுங்குகிறவர் அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும்.

கோஎன்சைம், அதாவது துணைநொதி, என்னும் கருத்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்டானது. லண்டனில் லிஸ்டர் ஸ்தாபனத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்தர் ஹார்டன் என்ற ரசாயன நிபுணர், தம் சகாவான யங் என்பவரோடு சேர்ந்து, 1906-ஆம் ஆண்டில் ஈஸ்டைப் பிழிந்தெடுத்த சாற்றை ஜெலட்டின் பூசிய வடிகட்டியின் வழியே அழுத்தத்தோடு செலுத்திப் பார்த்தார். வடிகட்டியில் தங்கிய பகுதியும் சர்க்கரையைப் புளிக்கச் செய்யவில்லை. கீழே இறங்கிய பகுதியும் செய்யவில்லை. இரண்டையும் மறுபடி கலந்தபோது புளிப்பு ஏறியது. கீழே இறங்கியதைக் கொதிக்க வைத்தாலும் அதன் குணம் கெடவில்லை. அப்படியானால், கொதித்தால் கெட்டுப்போகும் புரதமாகிய நொதிக்குப் பக்கத்துணையாக, சூட்டுக்கு அஞ்சாத சின்னஞ்சிறு வஸ்து ஒன்று இருந்தாக வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அந்தப் பக்கத்துணை இன்னதென்று பிரித்தறியப் பல ஆண்டுகள் ஆயின. 1929-ல் ஹார்டனுக்கும் ஹான்ஸ் வான் ஆய்லர் செல்பினுக்கும் இந்தத் துறையில் செய்த பணிக்காக நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1929-ல், இந்தச் சரித்திரத்தில் நமக்கு நெருங்கிய உறவுள்ள ஒருவர் அமெரிக்காவில் ஒரு பெரிய காரியம் செய்தார். பீமாவரத்தில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, கதர் உடுத்தும் பிடிவாதத்தால் ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு சொல்லிக் கொடுத்துவிட்டு, இருபதுகளின் தொடக்கத்தில் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து தசைகளில் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்களை ஆராய்ந்து, தேகத்தின் சகல காரியங்களுக்கும் சக்தி தருகிற ஏ.டி.பி. என்னும் வஸ்துவைக் கண்டு வெளியிட்டார். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டார். சென்னையில் படித்த ஒருவருடைய கை இந்த அஸ்திவாரத்தில் பட்டிருக்கிறது என்பதை நம்மவர்களில் அநேகர் அறியாதிருப்பது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

ஏ.டி.பி.யின் பெருமை இருதயத்தில்தான் நன்றாகத் தெரியும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிற அந்தத் தசைக்கு ஒரு நாளில் சுமார் 6 கிலோ ஏ.டி.பி. செலவாகிறது. அவ்வளவும் சேமிப்பில் இருப்பதில்லை. இருக்கிற கொஞ்சத்தையே செலவழித்து, அந்தந்தக் கணத்தில் மறுபடி உண்டாக்கி, மறுபடி செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஆகையினால்தான் இருதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. நாம் உண்ட உணவிலிருந்து கழன்று வரும் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி, முடிவில் நாம் சுவாசித்த பிராணவாயுவிடம் போய்ச் சேருவதும், அந்தப் பயணத்தின் பலனாக ஏ.டி.பி. உண்டாவதும் அங்கேதான். ஆனால் நடுவில் ஒரு கை யாருடையது என்பது ஐம்பதுகளின் நடுப்பகுதிவரையில் தெரியாமலிருந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில், டேவிட் கிரீன் என்பவருடைய தலைமையில் நொதி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் இருந்தது. மற்ற ஆராய்ச்சிச் சாலைகளில் கிராம் கணக்கில் செய்ததை அங்கே கிலோ கணக்கில் செய்தார்கள். இறைச்சிச் சாலைகளிலிருந்து மாட்டு இருதயங்கள் ஏராளமாக வந்து இறங்கும். கொழுப்பைச் சீவி எறிந்து, தசையை அரைத்து, வேகமாகச் சுழலும் இயந்திரங்களில் இட்டு மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுப்பார்கள். அந்த நிலையத்தில் வேலை பார்த்த ஃபிரெடரிக் கிரேன் தாவரங்களில் பழகிய கண்ணுடையவர். காலிஃபிளவரின் மைட்டோகாண்ட்ரியாவைக்கூட ஆராய்ந்தவர். புரதங்களையே பெரிதாக எண்ணிக் கொழுப்பை யாரும் லட்சியம் செய்யாத அந்தக் காலத்தில், மைட்டோகாண்ட்ரியாவின் கொழுப்பைக் கரைப்பான்களால் பிரித்தெடுத்துப் பார்த்த அவர் அதில் மஞ்சளாக ஒன்று தங்குவதைக் கவனித்தார். பலர் பார்த்திருக்கக்கூடிய மஞ்சள்தான் அது. மாடு தின்ற புல்லின் நிறம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். கிரேன் ஒதுக்கவில்லை. அதைப் படிகமாக்கினார், எலக்ட்ரானை ஏற்றால் அந்த நிறம் மறைவதையும், இழந்தால் திரும்புவதையும் கண்டார், கொழுப்பு நீக்கப்பட்டு வேலை நின்றுபோன மைட்டோகாண்ட்ரியாவில் அந்த வஸ்துவைத் திரும்பச் சேர்த்தால் வேலை மறுபடி நடப்பதையும் அவருடைய குழுவினர் காட்டினார்கள். 1957-ல் ஹடெஃபி, லெஸ்டர், விட்மர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நான் இந்தச் சரித்திரத்திலேயே மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். பெரிய கொள்கை எதுவும் இல்லாமல், கண்ணில் பட்ட ஒரு நிறத்தை அலட்சியம் செய்யாதிருந்த நேர்மை ஒன்றே இதைக் கண்டுபிடித்தது.

இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்ட்டனின் ஆராய்ச்சிச் சாலையிலும் அதே வஸ்து இரண்டொரு வருஷம் முன்னமே அகப்பட்டிருந்தது. எங்கும் நிறைந்த கியூனோன் என்ற பொருளில் ‘யுபிகியூனோன்’ என்று பெயரிட்டவர்களும் அவர்களே. ஆனால் அதன் வேலை என்ன என்பதை மாடிசன்தான் தெளிவாக்கிற்று. 1958-ல் மெர்க் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர்களில் ஒருவரான கார்ல் ஃபோக்கர்ஸ், தம் சகாக்களோடு இதன் அணு அமைப்பைத் தீர்மானித்தார். பத்தாண்டுக்கு முன் பி12 வைட்டமினைப் படிகமாகப் பிரித்தெடுத்த குழுவில் இருந்தவர் அவர். ஒரு வளையமும் அதற்கு நீண்ட வாலுமாக இருக்கிறது இந்த வஸ்து. வாலில் ஐந்து கார்பன் கொண்ட துண்டுகள் மனிதருக்குப் பத்து, எலிக்குப் பெரும்பாலும் ஒன்பது, ஈஸ்டுக்கு ஆறு. பெயரில் உள்ள பத்து இந்தத் துண்டுகளின் எண்ணிக்கைதான். பிற்பாடு, கார்ன்வால் பிரதேசத்தில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்துச் சில உதவியாளர்களோடு தனித்து ஆராய்ந்த பீட்டர் மிட்செல், எலக்ட்ரான் ஓட்டம் எவ்வாறு ஏ.டி.பி. ஆகிறது என்பதை விளக்கி 1978-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த விளக்கத்தில் க்யூவுக்கென்றே ஒரு சுழற்சியை அவர் வகுத்துவைத்தார்.

இவ்வளவு சிறப்பிருந்தும் மெர்க் இதை மருந்தாக்கிச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. மருந்தாக்கியவர்கள் ஜப்பானியர். அறுபதுகளின் நடுவில் யூயிச்சி யமமூரா என்ற மருத்துவப் பேராசிரியர், இதன் நெருங்கிய இனமாகிய க்யூ7-ஐ, இருதயம் தளர்ந்து ரத்தத்தை இறைக்க மாட்டாமல் தவிக்கும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு ஐசாய் நிறுவனம் க்யூ10-ஐயே மாத்திரையாக்கிற்று. ஜப்பானிய அரசாங்கம் 1974-ல் அதை இருதயத் தளர்ச்சிக்கு மற்ற மருந்துகளோடு கூடக் கொடுக்கத்தக்க ஔஷதமாக அங்கீகரித்தது. வேளைக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 30 மில்லிகிராம் என்பது அளவு. இன்றைய பெட்டிகளில் 100, 200, 300 என்று காண்கிறவர்களுக்கு அந்த அளவு மிகச் சொற்பமாகத் தோன்றும். ஆயினும் அந்தச் சொற்ப அளவுக்கே அன்று வைத்தியரின் சீட்டு வேண்டியிருந்தது.

மாட்டு இருதயத்தைப் பிழிந்து ஒரு தேசத்து நோயாளிகளுக்கெல்லாம் மருந்து செய்ய முடியாது. வேறு வழி புகையிலையில் இருந்தது. பதப்படுத்திய புகையிலை இலையில் சோலனெசால் என்ற வஸ்து இருப்பதை 1956-லேயே கண்டிருந்தார்கள். அதன் வாலில் துண்டுகள் ஒன்பது. மேலும் ஒன்றைச் சேர்த்து வளையத்தோடு பொருத்தினால் க்யூ10 ஆகிவிடும். நிஷின் என்ற ஜப்பானிய மாவு ஆலை நிறுவனம் இந்த வழியில் இறங்கிற்று. நெஞ்சுக்குக் கேடு செய்கிற இலையிலிருந்தே நெஞ்சுக்கு மருந்து வந்தது. நம் நாட்டிலும் ராஜமுந்திரியில் உள்ள மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தில், கழிவாகப் போகும் புகையிலையிலிருந்து சோலனெசால் எடுக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் 1977 முதல் கனேகா என்ற நிறுவனம் நுண்ணுயிர்களைப் பெரிய கொப்பரைகளில் வளர்த்து, அவற்றின் உடலிலிருந்தே இதை எடுக்கும் வழியைத் தொழிலாக நடத்தத் தொடங்கியபின், விலையும் இறங்கிற்று, விற்பனையும் பெருகிற்று. ஹார்டன் புளிக்க வைத்துப் பார்த்த ஈஸ்டுக்கு உறவான வேறொரு ஈஸ்ட், எழுபதாண்டு கழித்து இந்தத் துணைநொதியை மணங்கு மணங்காகத் தயாரித்துக் கொடுக்கலாயிற்று.

இதற்கிடையே ஃபோக்கர்ஸ் தொழில் நிறுவனத்தை விட்டு விலகி, 1968 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, தம் எஞ்சிய ஆயுளை இந்த ஒரு வஸ்துவுக்கே அர்ப்பணம் செய்தார். இருதயத் தளர்ச்சி உள்ளவர்களின் தசைத் துணுக்குகளில் க்யூ10 குறைந்திருக்கிறது, குறைந்ததைக் கொடுத்தால் இருதயம் தேறும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. 1985-ல் லாங்ஸ்ஜோன் என்ற இருதய வைத்தியரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பரிசோதனையில் நோயாளிகள் தேறினார்கள். ஆனால் அவர்கள் மொத்தமே 19 பேர். குறைந்திருப்பது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற கேள்விக்கு 19 பேரைக்கொண்டு பதில் சொல்ல இயலாது. 1993-ல் இத்தாலியில் 641 நோயாளிகளைக்கொண்டு ஓராண்டு நடந்த பரிசோதனையில், மருந்து உட்கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்த தடவைகள் குறைந்தன. ஆனால் 1999-ல் ஆஸ்திரேலியாவிலும் 2000-ல் அமெரிக்காவின் மேரிலாண்டிலும் நடந்த சிறு பரிசோதனைகளில் இருதயத்தின் வேலைத்திறன் சற்றும் ஏறவில்லை. ஃபோக்கர்ஸ் 1997-ல் காலமாகிவிட்டார்.

மருந்துக் கடையில் இந்தப் பெட்டிக்கு இவ்வளவு கிராக்கி வந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. டோக்கியோவில் அகிரா எண்டோ 1973-ல் ஒரு பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த வஸ்துவின் வழியாக ஸ்டாடின் மருந்துகள் பிறந்தன. கொலஸ்ட்ராலைக் குறைக்க அவற்றில் முதலாவதான லோவாஸ்டாடின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செய்வதும், உடல் க்யூ10-ன் நீண்ட வாலைச் செய்வதும் தொடக்கத்தில் ஒரே வழியில்தான். ஒரு தலைமடையிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்களைப் போன்றவை அவை. ஸ்டாடின் தலைமடையை அடைக்கிறது. கொலஸ்ட்ராலோடு க்யூ10-ம் குறைகிறது. ரத்தத்தில் அவ்வாறு குறைவதை ஃபோக்கர்ஸ் குழுவினர் 1990-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஸ்டாடினையும் க்யூ10-ஐயும் சேர்த்துக் கொடுப்பதற்கு மெர்க் நிறுவனம் காப்புரிமை பெற்றது. ஆனால் அப்படி ஒரு மாத்திரையை அது விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. ஸ்டாடினால் தசைவலி கண்டவர்களுக்கு க்யூ10 அந்த வலியைத் தணிக்கிறதா என்பதில் பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ரத்தத்தில் குறைகிறது என்பது நிச்சயம். வலிக்கு அந்தக் குறைவே காரணம் என்பது நிச்சயமாகவில்லை. விளம்பரக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறார்கள், அது அநியாயம்.

1994-ல் அமெரிக்காவில் ஊட்டப் பொருள்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன்படி, நோயைத் தீர்க்கும் என்று சொல்லாதவரையில், இத்தகைய பொருளின் பலனை முன்கூட்டி நிரூபித்து அரசாங்க அனுமதி பெற வேண்டியதில்லை. இருதயத் தளர்ச்சிக்கு மருந்து என்று அச்சிடக்கூடாது. இருதயத்தின் ஆரோக்கியத்துக்குத் துணை என்று அச்சிடலாம். ஜப்பானிலேயும் 2001-ல், சீட்டில்லாமல் உணவுப் பொருளாக விற்கலாம் என்று விதி மாறிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே கிராக்கி ஏறித் தட்டுப்பாடே உண்டாயிற்று. நோயாளியின் தலைமாட்டிலிருந்து இது ஆரோக்கியமுள்ளவனின் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது இந்தச் சட்டங்களால்தான். புதிதாக யாரும் ஆராய்ந்து கண்டு சொன்னதால் அன்று. இயற்கையில் எங்கும் உள்ள பழைய வஸ்து ஆகையால், பெருஞ்செலவில் பரிசோதித்து நிரூபிப்பவருக்கு அதைத் தனியே விற்கும் உரிமை கிடையாது. ஆகவே செலவு செய்ய முன்வந்தவர்களும் சொற்பம். வியாபாரம் முந்திக்கொண்டு, நிரூபணம் இருபது வருஷம் பின்தங்கியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

பின்தங்கினாலும் அது வந்து சேர்ந்தது. ஸ்வீடனில் முதியவர்கள் 443 பேரைக்கொண்டு நான்காண்டு நடத்திய பரிசோதனையில், க்யூ10-ம் செலினியமும் சேர்த்து உட்கொண்டவர்களில் இருதய நோயால் இறந்தவர் 5.9 சதவீதம், உட்கொள்ளாதவர்களில் 12.6 சதவீதம் என்று 2013-ல் வெளியிட்டார்கள். ஆனால் ஸ்வீடனின் மண்ணில் செலினியம் குறைவு, ஆகையால் புண்ணியம் எதைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2014-ல் டென்மார்க்கின் மார்ட்டென்சன் தலைமையில் பல தேசத்து மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ‘க்யூ-சிம்பியோ’ பரிசோதனை வெளிவந்தது. இருதயத் தளர்ச்சி முற்றிய 420 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான மருந்துகளோடு நாளைக்கு மூன்று வேளை 100 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டு கொடுத்ததில், பெரிய விபரீதங்களுக்கு ஆளானவர்கள் 15 சதவீதம். போலி மாத்திரை உட்கொண்டவர்களில் 26 சதவீதம். இது அலட்சியம் செய்யத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனாலும் 420 பேர் என்பது இருதய வைத்தியத்தில் சிறிய எண்ணிக்கை. 2022-ல் அமெரிக்க இருதய வைத்தியச் சங்கங்கள் கூடி வகுத்த நெறிமுறை, குறிப்பிட்ட குறைபாடு இருந்தாலன்றி ஊட்டப் பொருள்களை இருதயத் தளர்ச்சிக்குச் சிபாரிசு செய்யவில்லை. அந்தச் சங்கங்களின் எச்சரிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு பெரிய பரிசோதனையை அரசாங்கங்கள் முன்வந்து நடத்தியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சோர்வு நீங்கித் தெம்பு வரும் என்பதோ வேறு கதை. க்யூ10-ஐ நம் தேகம் தானே செய்துகொள்கிறது. உணவின் வழியாகவும் நாள்தோறும் 3 முதல் 6 மில்லிகிராம் வந்து சேர்கிறது. ஆட்டு இருதயம், மத்தி, கானாங்கெளுத்தி, வேர்க்கடலை, எள், சோயா எண்ணெய் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பிறவியிலேயே அதைச் செய்துகொள்ள மாட்டாத குழந்தைகள் உண்டு. 1989-ல் சகோதரிகள் இருவரைப் பற்றி வெளிவந்த மருத்துவக் கட்டுரை அந்த வியாதியை முதலில் தெரியப்படுத்திற்று. அத்தகையவர்களுக்கு இந்த மாத்திரை உண்மையிலேயே உயிர்மருந்து, காலத்தில் கொடுத்தால் பிள்ளை பிழைக்கக்கூடும். ஆனால் குறைவில்லாத தேகத்தில் மேலும் ஊற்றினால் ஏ.டி.பி. மேலும் பெருகும் என்று நம்புவதற்கு, இந்த அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டு ஆராய்ச்சியில் உறுதியான ஆதாரம் கிடையாது. அசதி ரத்தசோகையாலும் வரும், தைராய்டாலும் சர்க்கரையாலும் வரும், தூக்கக் குறைவாலும் வரும். காரணத்தைத் தேடாமல் பெட்டியை வாங்குகிறவர் அந்தக் காரணத்தை மறைத்து வளர்க்கிறார்.

இருதயத் தளர்ச்சி என்று வைத்தியர் சொல்லியிருந்தால், இந்த மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரையே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, கேட்கத்தக்க ஆதாரம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த மருந்துகளில் ஒன்றையும் இதற்காக நிறுத்தாதீர்கள். ‘க்யூ-சிம்பியோ’ பரிசோதனையிலும் அந்த மருந்துகளோடு கூடவேதான் இதைக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வீணாகும். எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், க்யூ10 அதன் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்பதால், வைத்தியருக்குத் தெரியாமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.